யார் தோளில் சரக்கின் பாரம்? ஆடைத் தொழிலின் நிலைத்த மாற்றங்களும் தனி வடிவமைப்பாளர்களும்

ஃபேஷன் என்றதும் நம் நினைவு பாவாடையின் நீளத்துக்கும் சட்டைக் காலரின் அகலத்துக்கும் போய்விடுகிறது. அவை ஆண்டுதோறும் மாறுபவை, மாறிய பின் மீண்டும் வருபவை. மாறிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பாத மாற்றங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக ஆடைத் தொழிலில் நேர்ந்த மிக ஆழமான மாற்றம் கணக்குப் புத்தகத்தில் நேர்ந்தது என்பது என் கருத்து. துணி வாங்கும் நாளுக்கும், அதில் தைத்த ஆடைக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் ஓடுகின்றன. அத்தனை நாளும் பணம் முடங்கிக் கிடக்கிறது. ஆடை விற்குமா தேங்குமா என்பதும் தெரியாது. இந்த முடக்கத்தையும் நிச்சயமின்மையையும் ஒரு காலத்தில் பெருமளவு கடைக்காரர் சுமந்தார். இன்று அது படிப்படியாக இறங்கி, தைப்பவர் தோளிலும் வடிவமைப்பவர் தோளிலும் வந்து நிற்கிறது. சொந்தப் பெயரில் சிறிய அளவில் தொழில் நடத்தும் இளம் வடிவமைப்பாளர் நிலைப்பாரா வீழ்வாரா என்பதை அவருடைய திறமையைக் காட்டிலும் இந்தச் சுமைதான் அதிகம் தீர்மானிக்கிறது. இதற்கான சான்றுகளை முன்வைத்து, மறுத்துச் சொல்லத்தக்கவற்றுக்கு விடை கூறி, நம் மாநிலத்தில் செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்வது என் நோக்கம்.

முதலில் பழைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். பாரிஸ், மிலான், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் ஃபேஷன் நாட்காட்டிப்படி, அடுத்த ஆண்டின் வசந்தத்துக்கும் கோடைக்கும் உரிய ஆடைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேடையேறும். அதற்குச் சில மாதங்கள் முன்பே துணி வாங்கி மாதிரிகளைத் தைத்தாக வேண்டும். காட்சி முடிந்ததும் கடைகளின் கொள்முதல் அலுவலர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அந்த ஆர்டருக்கு வேண்டிய துணியை வாங்கித் தைத்துப் புத்தாண்டின் தொடக்க மாதங்களில் சரக்கை அனுப்ப வேண்டும். பணம் அதன்பின் 30 நாளிலோ 60 நாளிலோ வரும். ஆக, முதல் மீட்டர் துணிக்குப் போட்ட பணம் கைக்குத் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்குள் அடுத்த பருவத்துக்கான துணியையும் வாங்கியிருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி கடன் தரும். படிப்பு முடித்துத் தொழில் தொடங்கும் இளைஞரிடம் ஈடு காட்ட எதுவும் இருக்காது. ஆனாலும் இந்த முறை பல பத்தாண்டுகள் ஓடியது. கடை கொடுத்த ஆர்டர் உறுதியான விற்பனையாக இருந்ததே காரணம். சரக்கு விற்காமல் தேங்கினால் நட்டம் கடையைச் சேரும். கொள்முதல் அலுவலரின் தேர்வுக்கு மதிப்பு இருந்ததும், அவர் தம் முதலாளியின் பணத்தைப் பணயம் வைத்துத் தேர்ந்தெடுத்ததால்தான்.

இந்த ஏற்பாடு முதலில் மலிவு ஆடைச் சந்தையில் தளர்ந்தது. 1974 முதல் நடப்பில் இருந்த பல்லிழை ஒப்பந்தம், ஒவ்வொரு வளரும் நாடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரம்பு விதித்தது. ஒரு நாட்டின் கோட்டா தீர்ந்தால் வாங்குபவர் அடுத்த நாட்டைத் தேடிப் போக வேண்டும். எல்லா ஆர்டரையும் மிக மலிவான ஓரிடத்தில் குவிக்க முடியாது. 2005 ஜனவரி 1 அன்று அந்தக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் பேரம் பேசும் வலிமை வாங்குபவர் பக்கம் சாய்ந்தது. அதே காலத்தில் ஸ்பெயினின் ஸாரா நிறுவனம் வேறொரு பாடத்தைத் தொழிலுக்குக் கற்பித்திருந்தது. துணியில் ஒரு பகுதியைச் சாயமேற்றாமலே வைத்திருந்து, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகு சாயமேற்றி, ஸ்பெயினிலும் போர்ச்சுகல்லிலும் மொராக்கோவிலும் அருகிலுள்ள பட்டறைகளில் தைத்து, சில வாரங்களில் கடைக்குக் கொண்டுவந்தது. முடிவைத் தள்ளிப்போடுபவர் தவறு செய்வது குறையும் என்பது அந்தப் பாடம். அறிவுள்ள பாடம்தான். ஆனால் வாங்குபவர் முடிவைத் தள்ளிப்போடும்போது, ஆளையும் எந்திரத்தையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருப்பவர் ஒருவர் வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான செலவு எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.

அந்தச் செலவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இரண்டு நிகழ்வுகள் உலகுக்குக் காட்டின. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். ஆர்டரை உரிய நாளில் முடித்துக்கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அதன் பின்னே இருந்தது. இரண்டாவது நிகழ்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. பெருந்தொற்றால் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டதும், தைத்து முடித்த ஆடைகளைக்கூட ஏற்க மறுத்துப் பல பெரிய நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன, அல்லது நிறுத்திவைத்தன. வங்காளதேசத்தில் மட்டும் இப்படிப் பாதிக்கப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கும் மேல் என்று அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்கிட்டது. துணிக்கும் நூலுக்கும் கூலிக்கும் பணம் கொடுத்திருந்தவர் ஆலை முதலாளி. சரக்கு கப்பல் ஏறும்வரை வாங்குபவர் ஒரு காசும் கொடுத்திருக்கவில்லை. தொழிலாளர் அமைப்புகளின் இயக்கத்தால் சில நிறுவனங்கள் பின்னர் பணம் கொடுத்தன. நம் திருப்பூருக்கும் இந்தக் கணக்கு புதிதன்று. ரத்தான ஆர்டரும் மிகுதிச் சரக்கும் காதர்பேட்டைக் கடைகளில் என்ன விலைக்குப் போகும் என்பது ஊரறிந்த செய்தி.

பெருநிறுவனத்துக்குத் தைக்கும் ஆலையின் கதைக்கும், தம் பெயரில் ஆடை படைக்கும் தனி வடிவமைப்பாளரின் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கதை என்பதே என் வாதம். உயர்தரக் கடைகளும் அதே திசையில் நகர்ந்தன. உறுதியாக வாங்குவதற்குப் பதில், விற்றால் மட்டும் பணம் தரும் கன்சைன்மென்ட் முறை பரவியது. விற்காததைப் பருவ முடிவில் திருப்பி அனுப்பும் உரிமையும், தள்ளுபடி விலையில் விற்றால் அந்தக் குறைவில் பங்கு கேட்கும் உரிமையும் ஒப்பந்தங்களில் ஏறின. இந்தியாவில் 1987இல் மும்பையில் தொடங்கிய என்செம்பிள் முதல், பல வடிவமைப்பாளர்களை ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைகள் இத்துறையை வளர்த்தன; அதை மறுக்க முடியாது. ஆனால் அத்தகைய கடைகள் பெருகப் பெருக, கன்சைன்மென்ட்டே இங்கும் பரவலான வழக்கமாயிற்று. கடை இடத்தைத் தருகிறது. சரக்கு வடிவமைப்பாளரின் பணத்தில் அலமாரியில் தொங்குகிறது.

உறுதியாக வாங்கிய கடைகளும் சரியத் தொடங்கின. நியூயார்க்கின் பார்னீஸ் 2019இல் திவால் மனு கொடுத்தது. லண்டனில் 1987இல் ஒரே கடையாகத் தொடங்கி, இணைய விற்பனையில் உலகப் பெயர் பெற்ற மேட்சஸ்ஃபேஷன், 2023 டிசம்பரில் கைமாறி மூன்றே மாதங்களில், 2024 மார்ச்சில், கடன் தீர்க்க முடியாமல் நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 இறுதியில் ஃபார்ஃபெட்ச் தளத்தைத் தென்கொரியாவின் கூபாங் நிறுவனம் கைதூக்கி விட வேண்டியிருந்தது. 2025இல் மான்ட்ரியலின் எஸ்சென்ஸ், கடன் கொடுத்தவர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்பு கோரியது. அமெரிக்கா 800 டாலருக்குட்பட்ட பொட்டலங்களுக்கு அளித்துவந்த வரி விலக்கை அந்த ஆகஸ்டில் முடிவுக்குக் கொண்டுவந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு கடை வீழும்போது ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிக்கு முதலில் பணம் போகும். சரக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சிறு வடிவமைப்பாளர் வரிசையின் கடைசியில் நிற்பார். ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கை ஒரே கடையிடம் எதிர்பார்த்திருப்பவருக்கு அதுவே தொழிலின் முடிவாகிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். குறைந்த அளவில் தைத்து, விற்பதைப் பார்த்து மேலும் தைத்தால் சரக்கு தேங்காதே, தொழில்நுட்பம் அதைச் சாத்தியமாக்கிவிட்டதே என்பார்கள். சீனாவில் வேரூன்றிய ஷீயின் நிறுவனம் இதைத்தான் செய்கிறது. ஒரு வடிவத்தை முதலில் 100 அல்லது 200 எண்ணிக்கையில் மட்டும் தைத்து இணையத்தில் ஏற்றுகிறது. விற்றால் மேலும் தைக்கிறது. 2020இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட அந்தப் பெயர், 2025இல் ரிலையன்ஸ் ரீடெயில் வழியாக இங்கே திரும்பியிருக்கிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. நூறு சட்டைக்குத் துணி வெட்டி, எந்திரத்தைத் திருத்தி அமைத்து, ஆளை அமர்த்துவதற்கு ஆகும் செலவு ஆயிரம் சட்டைக்கு ஆவதிலிருந்து பெரிதும் வேறுபடாது. அந்தக் கூடுதல் செலவை ஏற்பவை குவாங்சோ நகரைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு பட்டறைகள். அங்குள்ள நீண்ட வேலை நேரம் பற்றிப் பல செய்தி விசாரணைகள் வெளிவந்துள்ளன. ஆகவே சிறிய அளவில் தைப்பது தன்னளவில் அறமும் ஆகாது, தீர்வும் ஆகாது. அந்தச் சிறிய அளவுக்கான கூடுதல் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு திறமையை முன்வைப்பது. நல்ல வடிவமைப்பாளர் எப்படியும் மேலே வருவார், அவரை அடையாளம் காணப் பரிசுகள் இருக்கின்றன என்பது அதன் சாரம். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதை நானும் ஏற்கிறேன். சர்வதேச ஊல்மார்க் பரிசை 2014இல் ராகுல் மிஸ்ராவும், 2016இல் சுகேத் தீரும், 2018இல் ருச்சிகா சச்தேவாவும் வென்றார்கள். ஐந்தே ஆண்டுகளுக்குள் மூன்று இந்தியர்கள்! ஆனால் பரிசு ஒருவருக்கு ஒருமுறை கிடைப்பது. சரக்கின் சுமையோ எல்லோருக்கும் ஒவ்வொரு பருவமும் வருவது. இதைப் பரிசு கொடுப்பவர்களே ஒரு நெருக்கடியில் ஒப்புக்கொண்டார்கள். 2014 முதல் இளம் வடிவமைப்பாளர்களுக்கு வழங்கப்பட்டுவரும் எல்விஎம்எச் பரிசு, 2020இல் ஒரே வெற்றியாளரைத் தேர்வதைக் கைவிட்டு, 3,00,000 யூரோ தொகையை இறுதிச் சுற்றில் இருந்த எட்டுப் பேருக்கும் சமமாகப் பகிர்ந்தளித்தது. அந்த ஆண்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது மகுடத்தைவிட நடைமுறை மூலதனம் என்பதை அது உணர்ந்து செய்தது. எட்டுப் பேரும் அப்படிக் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக இருந்தார்கள் என்றால், குறை அவர்கள் திறமையில் இருந்திருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பாகப் பெருநிறுவன முதலீட்டைச் சொல்வார்கள். 2021 ஜனவரியில் ஆதித்ய பிர்லா ஃபேஷன் நிறுவனம் சப்யசாச்சியின் 51 விழுக்காட்டுப் பங்கை 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ஆண்டில் தருண் தஹிலியானியோடு கூட்டுச் சேர்ந்தது. மறு ஆண்டில் மசாபா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. ரிலையன்ஸ் தரப்பு 2021இல் மணீஷ் மல்ஹோத்ராவிடம் 40 விழுக்காட்டையும் ரிது குமாரிடம் 52 விழுக்காட்டையும், 2022இல் அபு ஜானி – சந்தீப் கோஸ்லாவிடம் 51 விழுக்காட்டையும் பெற்றது. இரண்டே ஆண்டுகளில் இந்திய ஃபேஷனின் முன்னணிப் பெயர்களுள் பல இரு பெரும் குழுமங்களின் குடைக்குள் வந்துவிட்டன. இதனால் அவர்களுக்குக் கடைகளும் மூலதனமும் கிடைத்தன. அதைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் முதலீடு, நிலைபெற்ற பெயரைத் தேடி வருகிறது. நிலைபெறுவதற்கு முந்தைய பத்தாண்டுகளை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கட்டுப்பாட்டை விற்றவரின் கதி என்னவாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஹால்ஸ்டன் எடுத்துக்காட்டு. 1973இல் தம் நிறுவனத்தையும் பெயரையும் விற்ற அவர், பிற்காலத்தில் தம் பெயரிலேயே ஆடை வடிவமைக்கும் உரிமையின்றி நின்றார்.

சரி, இத்தனைக்கும் நடுவே தனித்து நின்று வென்றவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டால், அவர்கள் வரலாற்றை அருகில் சென்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் மறைந்த ஜியார்ஜியோ அர்மானி கடைசிவரை தம் நிறுவனத்தைத் தம் கையில் வைத்திருந்தார். 1975இல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1978இல் துரின் நகரின் ஜிஎஃப்டி என்ற பெரிய ஆடை உற்பத்தி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர் வரைந்தார், துணி வாங்கித் தைத்து அனுப்பும் பாரத்தை அந்த நிறுவனம் ஏற்றது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து 1986இல் லண்டனுக்குச் சென்று பெயர் பெற்ற ஆறு இளைஞர்களின் கதையும் தனி மேதைகளின் கதையாகவே சொல்லப்படுகிறது. உண்மையில், நசிந்துவந்த தன் ஜவுளித் தொழிலைக் காப்பாற்ற பெல்ஜிய அரசு 1981இல் ஒரு திட்டம் வகுத்தது. அதன் பகுதியாக 1982இல் தொடங்கிய தங்கக் கதிர் போட்டி, இளம் வடிவமைப்பாளர்களை உள்ளூர் ஆலைகளோடு இணைத்து அவர்கள் வடிவங்களைத் தைக்க வழி செய்தது. அப்போட்டியில் வென்ற ஆன் டெமுலமீஸ்டர் அந்த அறுவருள் ஒருவர். மற்றொருவரான ட்ரீஸ் வான் நோட்டன், 2018இல் பெரும்பான்மைப் பங்கை விற்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொந்தக் காலில் நின்றார். ஜப்பானின் ரெய் கவாகுபோ தாமே ஒரு நிறுவனத்தை வளர்த்து, 2004இல் தொடங்கிய டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட் வழியாக, இளைய வடிவமைப்பாளர் சிலரின் உற்பத்தி, விற்பனைப் பொறுப்பையும் ஏற்றார். வென்ற தனி வடிவமைப்பாளர்களின் பின்னே பெரும்பாலும் சரக்கின் பாரத்தை அறிந்து ஏற்ற ஒரு நிறுவனம் இருந்திருக்கிறது. தனித்தன்மை என்பது எல்லாச் சுமையையும் தனியே சுமப்பது என்று நாம் இளைஞர்களுக்குக் கற்பித்தால், அது வரலாற்றுக்கே மாறான பாடம்.

இந்தியாவில் இந்தச் சுமைக்கு இன்னொரு விடை, யாரும் திட்டமிடாமலே அமைந்தது. நம் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள் பலரின் தொழில் திருமண ஆடையின்மேல் நிற்கிறது. மணப்பெண்ணின் லெஹங்காவுக்கு ஆர்டர் கொடுக்கும் குடும்பம் முன்பணம் கட்டுகிறது. அதன் பிறகே அளவெடுத்து, எம்பிராய்டரி வேலை தொடங்குகிறது. சரக்கு தேங்குவதில்லை, பணம் முடங்குவதில்லை. ரெடிமேட் ஆடைக்கு மாறிய மேலைநாட்டு இளம் வடிவமைப்பாளர் ஓராண்டு காத்திருந்து பெறுவதை, இங்கே தைப்பவர் முன்கூட்டியே பெறுகிறார். இது பணக்காரர்களுக்கு மட்டுமே இயலும் என்று சொல்வது எளிது. ஆனால் தமிழ்நாட்டில் கூலி வேலை செய்யும் பெண்ணும் தன் ஜாக்கெட்டைத் தெருமுனைத் தையல்காரரிடம் அளவு கொடுத்தே தைத்துக்கொள்கிறார். துணி அவருடையது, தையல்காரர் சரக்கில் ஒரு ரூபாயும் முடக்குவதில்லை. அளவெடுத்துத் தைக்கும் முறையை மலிவான விலையிலும் நடத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனாலும் எல்லா ஆடையையும் இப்படித் தைக்க முடியாது. திருமணத்தை மட்டும் நம்பினால் அன்றாட ஆடையில் புதுமை வராது. பருத்திச் சட்டையும் கைத்தறிக் குர்தாவும் வடிவமைக்க வரும் இளைஞரும் ஜரிகை வேலைக்கே திரும்ப நேரிடும். நம் ஃபேஷன் ஒரே சடங்கைச் சுற்றிச் சுருங்கியிருப்பதற்கு, ரசனையோடு இந்தப் பணக் கணக்கும் ஒரு காரணம்.

சமூக ஊடகம் இடைத்தரகரை ஒழித்துவிட்டது என்ற நம்பிக்கையையும் எடைபோட வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, முன்பணம் வாங்கித் தைத்து அனுப்பும் சிறு தொழில்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. முன்பணம் வரும்வரை இது நல்ல வழி. ஆனால் விளம்பரச் செலவும், பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் ஆடைக்கான இருவழி அஞ்சல் செலவும், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் வழக்கமும் சேர்ந்தால், கடைக்காரர் எடுத்துக்கொண்டிருந்த பங்கு வேறு வடிவில் போய்விடுகிறது. படத்தைப் பார்த்து நகலெடுப்பவரும் உடனே வந்துவிடுகிறார். சட்டம் காக்காதா என்றால், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால், அதன்மீதான பதிப்புரிமை போய்விடும். பருவத்துக்குப் பல வடிவங்கள் வரைபவர் ஒவ்வொன்றையும் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவதற்குச் செலவும் காலமும் கொடுக்க வேண்டும். சட்டத்தை எளிதாக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நகல் வலிப்பதற்கு முதன்மைக் காரணம், பணமுள்ள நகல் முதலில் கடைக்கு வந்துவிடுவதும், பணமில்லாத மூலம் துணிக்காகக் காத்திருப்பதும்தான். நடைமுறை மூலதனம் இல்லாதவருக்கு உரிமைச் சட்டம் பாதிப் பாதுகாப்பே.

கடைசி மறுப்பு, எல்லாவற்றிலும் அடிப்படையானது. அபாயத்தை ஏற்பதுதான் தொழில் முனைவு, ஏற்க முடியாதவர் வேறு வேலை பார்க்கட்டும் என்பது அது. இதற்கு என் விடை இரண்டு. ஒன்று, அபாயத்தை ஏற்பவருக்கு அதற்குரிய ஆதாயமும் சேர வேண்டும் என்பது அந்த வாதத்தின் சொந்த நியாயமே. கடை உறுதியாக வாங்கிய காலத்தில் அதன் பெரிய லாபப் பங்கு, சரக்கு தேங்கும் அபாயத்துக்கான ஊதியமாக இருந்தது. அபாயத்தை வடிவமைப்பாளரிடம் தள்ளிவிட்டு அந்தப் பங்கை மட்டும் குறைக்காமல் வைத்துக்கொள்வதற்கு எந்தப் பொருளியலும் நியாயம் சொல்லாது. இரண்டு, அபாயத்தைத் தம்மேல் உணராதவர் அளவுக்கு மீறி ஆர்டர் கொடுக்கிறார், விற்காததை அழிக்கவும் தயங்குவதில்லை. பிரிட்டனின் பர்பரி நிறுவனம் ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருட்களை அழித்தது 2018இல் வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதை 2026 ஜூலை 19 முதல் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆயினும் அழிக்க முடியாத சரக்கை, சப்ளை செய்த சிறியவரிடமே திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் நீடிக்குமானால், குப்பை இடம் மாறுமே தவிரக் குறையாது.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். சரக்கின் பாரத்தைப் பொதுவில் ஏற்கும் நிறுவனத்தை நாம் 1935லேயே கண்டோம். அதன் பெயர் கோ-ஆப்டெக்ஸ். கூட்டுறவுச் சங்கம் நெசவாளருக்குப் பாவும் ஊடையும் தருகிறது. அவர் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். சேலை விற்கும்வரை காத்திருப்பது சங்கத்தின் வேலை, கோ-ஆப்டெக்ஸின் வேலை. கூலி தாமதமாகிறது, வடிவங்கள் பழையன, சரக்கு தேங்கித் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்கிறது என்ற குறைகளை நானும் அறிவேன். அவற்றைத் திருத்த வேண்டும். ஆனால் அந்தக் குறைகளைக் காட்டி அந்த ஏற்பாட்டையே கைவிட்டால், அடித்தளத்தில் யார் நசுங்குவார் என்பதைக் கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது கணக்கெடுப்பில், நாட்டில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறிக் குடும்பங்கள் இருந்தன; அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. கடையின் கன்சைன்மென்ட்டால் துன்பப்படும் இளம் வடிவமைப்பாளர், அதே நிபந்தனையை நெசவாளரிடம் வைத்தால், அவர் இந்தத் தொழிலுக்குப் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

ஆகவே நான் முன்வைப்பவை நான்கு. முதலாவது, கோ-ஆப்டெக்ஸும் அரசின் கைவினை விற்பனை நிலையங்களும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, இளம் வடிவமைப்பாளர்களின் ஆடைகளைச் சிறு அளவில், உறுதியான கொள்முதல் ஆணையாக, 30 நாளில் பணம் என்ற நிபந்தனையோடு வாங்க வேண்டும். ஒருவருக்குக் கொடுக்கும் பரிசைவிடப் பலருக்குக் கொடுக்கும் சிறிய ஆர்டர் மேலானது. அதைக் காட்டி அவர்கள் வங்கியிலும் கடன் பெறலாம். இரண்டாவது, திருப்பூர், ஈரோடு, கரூர் போன்ற ஊர்களில் குறைந்த எண்ணிக்கையில் வெட்டவும் தைக்கவும் சாயமேற்றவும் பொது வசதி மையங்கள் வேண்டும். ஆயிரம் கிலோவுக்குக் குறைந்து துணி தர இயலாத ஆலையின் வாசலில் ஐம்பது கிலோ கேட்டு நிற்பவருக்கு வழிவிட அதுவே வழி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஒரே நாட்டின் பெரிய ஆர்டர்களை நம்பியிருப்பதன் ஆபத்தைத் திருப்பூர் உணர்ந்தது. சிறிய ஆர்டர்கள் பலவற்றை ஏற்கும் திறன் ஆலைகளுக்கும் காப்பு.

மூன்றாவது சட்டம் சார்ந்தது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வருமான வரிக்காக 2023இல் கொண்டுவரப்பட்ட விதி, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைப் பணம் கொடுக்கும்வரை செலவுக் கணக்கில் கழிக்க விடாது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் கன்சைன்மென்ட் சரக்கு விற்கும்வரை விற்பனையே ஆகாதென்பதால், அலமாரியில் ஆறு மாதம் தொங்கும் ஆடைக்கு இந்தக் கெடு ஓடத் தொடங்குவதில்லை. இத்தகைய ஏற்பாடுகளுக்கு எழுத்து ஒப்பந்தமும், மாதந்தோறும் கணக்கு ஒப்படைப்பும், குறித்த நாளுக்குப் பின் வாங்கியதாகவே கருதும் விதியும் வேண்டும். நான்காவது, கல்வி. சென்னையில் 1995 முதல் இயங்கும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் தொடங்கி நம் கல்லூரிகள் வரை, மாணவர் வரைவதோடு ஒரு பருவத்தின் பண ஓட்டத்தைக் கணக்கிடவும், ஒப்பந்தத்தின் திருப்பி அனுப்பும் விதியைப் படித்துத் திருத்தக் கேட்கவும், நெசவாளருக்கு விற்பனையைச் சாராத கூலியை விலையிலேயே சேர்க்கவும் கற்றாக வேண்டும்.

மாணவ மாணவியரே, மலிவு விலையின் வேகமும் பெருங்குழுமங்களின் வலிமையும் திரும்பிப் போகப் போவதில்லை. அவை நிலைத்த மாற்றங்கள். அவற்றோடு சேர்ந்து வந்த சுமைப் பங்கீடு மட்டும் இயற்கை விதியாகிவிடாது. அது ஒப்பந்தங்களால் எழுதப்பட்டது, ஒப்பந்தங்களால் மாற்றத்தக்கது. ராணா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதத்தில் கையெழுத்தான உடன்படிக்கை, கட்டடப் பாதுகாப்பின் பொறுப்பை வாங்கும் நிறுவனங்கள்மீது சட்டப்படி கட்டியது. அதுவரை முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. சரக்கின் பாரத்துக்கும் அப்படி ஓர் எழுத்து வேண்டும். அதை ஒருவர் தனியாகக் கேட்டால் கடை அடுத்தவரிடம் போய்விடும். எனவே நீங்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். திறமையை ஒவ்வொருவரும் தனியே வளர்த்துக்கொள்ளலாம். அந்தத் திறமை உயிரோடு இருப்பதற்கான நிபந்தனைகளைச் சேர்ந்துதான் வெல்ல முடியும்.